கூண்டை இறக்கினால் புயல் நின்றுவிடுமா?

போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அக்கா மகனிடமிருந்து போன் வந்தது.

"மாமா, கேம் ஆட ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துல கம்ப்யூட்டர் பீப் பீப்னு கத்துது. கேமை மூடிட்டா நின்னுடுது. வைரஸா மாமா?"

பின்னாலிருந்து அக்காவின் குரலும் கேட்டது. "நான்தான் சொன்னேனே, கேம் ஆடி ஆடியே கெடுத்துட்டான்!"

அக்கா வாழ்க்கைப்பட்டிருப்பது சுண்ணாம்புக்குளத்தில். கும்மிடிப்பூண்டியைத் தாண்டி, ஆரம்பாக்கத்துக்குப் பக்கத்தில், பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் ஊர். அக்கா வீட்டுக்காரர் ஏரியில் இறால் பிடிப்பவர். இறால் நன்றாகக் கிடைத்த ஒரு சீசனில், பையன் பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறானே என்று ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, ரிச்சி தெருவில் நானே கூட இருந்து வாங்கிய பழைய அசெம்பிள்டு மெஷின் அது. நான்காம் தலைமுறை ஐ5 பிராசசர், எட்டு ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு.

அன்றைக்கு நான் ஆபீஸ் வேலையில் மூழ்கியிருந்தேன். "பக்கத்துல யாராவது சர்வீஸ்காரரைக் கூப்பிட்டுக் காட்டுடா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நான் செய்த முதல் தவறு அதுதான். அதனால் என்ன நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்தச் சத்தம் என்ன என்று பார்த்துவிடலாம். இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களில் பல பேர் வீட்டிலும் அதே சத்தம் கேட்டிருக்கும்.

எங்கிருந்து வருகிறது சத்தம்?

கம்ப்யூட்டர் கத்துகிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். கத்துவது எது என்று முதலில் காதை வைத்துக் கண்டுபிடியுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கரிலிருந்தோ ஹெட்போனிலிருந்தோ சத்தம் வந்தால், அது விண்டோஸ் போடும் சத்தம். கேம் ஆடுகிறவர்கள் ஓடுவதற்கு ஷிப்ட் கீயைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். ஷிப்ட் கீயை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் ஸ்டிக்கி கீஸ் விழித்துக்கொண்டு பீப் அடிக்கும். வலது ஷிப்டை எட்டு நொடி அழுத்திப் பிடித்தால் ஃபில்டர் கீஸ் வரும். செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி பகுதிக்குப் போய் இவற்றின் ஷார்ட்கட்டை ஆஃப் செய்துவிட்டால் போதும். செலவு ஏதுமில்லை.

மூன்று நான்கு கீகளைச் சேர்த்து அழுத்தும்போது மட்டும் ஒரு பீப் கேட்கிறதா? அது விலை குறைந்த கீபோர்டு, இத்தனை கீயைச் சேர்த்து அனுப்ப என்னால் முடியாது என்று சொல்வது. கீபோர்டை மாற்றிப் பாருங்கள்.

மேஜைக்குக் கீழே இருக்கும் யுபிஎஸ்ஸிலிருந்து சத்தம் வருகிறதா? நம் ஊரில் இது நிறைய நடக்கும். நிறைய வீடுகளில் இருப்பது 600 விஏ யுபிஎஸ். அதைப் பார்த்து 600 வாட் தாங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த ரகம் பெரும்பாலும் 360 வாட் அளவுக்குத்தான் கொடுக்கும். சாதாரணமாக டைப் செய்யும்போது கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து நூறு வாட்டைச் சுற்றித்தான் இழுக்கும். பெரிய கேமைத் திறந்ததும் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து எழுந்து நிற்கும். ஆர்எக்ஸ் 580 போன்ற கார்டு தனியாகவே 185 வாட் ரகம். அதே யுபிஎஸ்ஸில் ஸ்பீக்கர் செட், டிவி, பிரிண்டர் எல்லாவற்றையும் சொருகியிருந்தால் ஓவர்லோடு என்று அது கத்தத்தான் செய்யும். சாயங்காலம் வோல்டேஜ் விழும் ஊர்களில், கரண்ட் போகாமலேயே யுபிஎஸ் பேட்டரிக்கு மாறி மாறிக் கத்தும். விட்டு விட்டு அடித்தால் என்ன, விடாமல் அடித்தால் என்ன என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். யுபிஎஸ்ஸோடு வந்த சின்னப் புத்தகத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.

கேபினெட்டுக்கு உள்ளேயிருந்து சத்தம் வந்தால் விஷயம் கொஞ்சம் கனமானது. அது மதர்போர்டின் குரல்.

உள்ளே இருக்கும் குட்டி ஸ்பீக்கர்

1981-ல் ஐபிஎம் தன் முதல் பிசியை வெளியிட்டபோதே அதற்குள் ஒரு குட்டி ஸ்பீக்கர் இருந்தது. அதன் வாரிசுதான் இன்றும் மதர்போர்டில் நான்கு பின் கனெக்டரில் சொருகி நிற்கும் கறுப்புப் பொட்டு. மானிட்டரில் படமே வராத நேரத்திலும், விண்டோஸ் செத்துக் கிடக்கும் நேரத்திலும், கம்ப்யூட்டர் உங்களிடம் பேசுவதற்கு மிஞ்சியிருக்கும் வழி இது ஒன்றுதான்.

ஆன் செய்தவுடன் அடிக்கும் பீப்புக்குத் தனி அகராதி உண்டு. பழைய அவார்டு பயாஸில் ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் டிஸ்பிளே கார்டில் கோளாறு. அமி பயாஸில் ஐந்து பீப் என்றால் பிராசசர், எட்டு என்றால் டிஸ்பிளே மெமரி. ஆறாம் எண், எட்டாம் எண் புயல் கூண்டு ஏற்றுவதைப் போலத்தான். எண் மாறினால் அர்த்தம் மாறும்.

ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது, அதுவும் கேம் ஆடும்போது மட்டும் உள்ளேயிருந்து கத்தினால், பெரும்பாலும் காரணம் இரண்டே இரண்டு. பிராசசர் சூடு எல்லையைத் தாண்டியிருக்கிறது. அல்லது பிராசசர் ஃபேன் சரியாகச் சுற்றவில்லை. மதர்போர்டில் இருக்கும் ஒரு கண்காணிப்புச் சிப், சூட்டையும் ஃபேனின் சுற்று வேகத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அது கத்துவதற்கு விண்டோஸின் அனுமதி தேவையில்லை.

இதில் ஒரு வேடிக்கை. பல மதர்போர்டுகளில் இந்த எச்சரிக்கை கம்பெனியிலிருந்து வரும்போதே ஆஃப் ஆகித்தான் வருகிறது. பயாஸில் பிசி ஹெல்த் ஸ்டேட்டஸ் என்ற பக்கத்தில் சிபியு வார்னிங் டெம்பரேச்சர், சிபியு ஃபேன் ஃபெயில் வார்னிங் என்று இரண்டு வரிகள் இருக்கும். நாம்தான் ஆன் செய்ய வேண்டும். அக்கா மகனின் கம்ப்யூட்டரை முன்னால் வைத்திருந்த யாரோ ஒரு புண்ணியவான் ஆன் செய்து வைத்திருந்தார். அதனால்தான் அது கத்தவாவது செய்தது.

கேம் குற்றவாளி அல்ல

"கேம் ஆடித்தான் கெட்டது" என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் தீர்ப்பு. அக்காவும் அதையேதான் சொன்னார். கேம் எதையும் கெடுப்பதில்லை. ஏற்கெனவே கெட்டிருப்பதைக் காட்டிக் கொடுக்கிறது. தரையில் நிற்கும்போது தெரியாத ஓட்டை, படகு தண்ணீரில் இறங்கியதும் தெரிகிற மாதிரி.

வேர்டில் கடிதம் அடிக்கும்போது பிராசசர் பெரும்பாலான நேரம் சும்மா இருக்கிறது. கேம் அதை முழு வேகத்தில் ஓடச் சொல்கிறது. நம் பையன்கள் விரும்பி ஆடும் மொபைல் கேம்களை ப்ளூஸ்டாக்ஸ் போன்ற எமுலேட்டரில் ஓட்டினால் இன்னும் கஷ்டம். கம்ப்யூட்டருக்குள் ஒரு முழு ஆண்ட்ராய்டு போனை நடிக்க வைத்து, அந்தப் போனுக்குள் கேமை ஓட்ட வேண்டும். பிராசசருக்கு இரட்டைச் சுமை.

2001-ல் டாம்ஸ் ஹார்ட்வேர் என்ற இணையதளம் ஒரு சோதனையை வீடியோ எடுத்து வெளியிட்டது. க்வேக் 3 கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிராசசர் மேலிருந்து ஹீட்சிங்கைக் கழற்றினார்கள். பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடியது. பென்டியம் 3 அப்படியே நின்றுவிட்டது. அன்றைய ஏஎம்டி அத்லான்கள் புகை விட்டுக் கருகிப் போயின. அதற்குப் பிறகு வந்த எல்லா பிராசசர்களிலும் தற்காப்பு வசதி நன்றாகவே வளர்ந்திருக்கிறது. இன்றைய பிராசசர் சூடானால் முதலில் வேகத்தைக் குறைக்கும். அப்படியும் அடங்காவிட்டால் கம்ப்யூட்டரையே அணைத்துவிடும்.

"அப்புறம் என்ன, அதுதான் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறதே, பீப் எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிராசசர் தன்னைத்தான் காப்பாற்றிக்கொள்ளும். பக்கத்தில் கொதிக்கும் கெபாசிட்டர்களை அது காப்பாற்றாது. திடீரென்று அணையும்போது ஹார்டு டிஸ்கில் பாதி எழுதப்பட்டு நிற்கும் உங்கள் ஃபைலையும் காப்பாற்றாது.

ஏசி அறை வேறு, ஏரிக்கரை வேறு

ஃபேன் வைத்த கூலர் எதுவாக இருந்தாலும், அறையின் காற்றைவிடக் குளிர்ச்சியாகப் பிராசசரை வைக்க அதனால் முடியாது. ஏசி ஆபீஸில் 24 டிகிரியில் கேம் ஓட்டி பிராசசர் 75 டிகிரி காட்டினால், அதே மெஷின் 38 டிகிரி கோடையில் ஷீட் போட்ட வீட்டில் கிட்டத்தட்ட 90 டிகிரியைத் தொடும். மெஷினில் எதுவும் மாறவில்லை. காற்று மாறிவிட்டது. அவ்வளவுதான்.

பழவேற்காடு ஏரிக்கரையில் இன்னொரு எதிரியும் உண்டு. உப்பு. இந்தியாவில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இது. ஸ்ரீஹரிகோட்டாத் தீவுக்கு அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் ஏரி. காற்றில் உப்பு எப்போதும் உண்டு. கம்ப்யூட்டர் ஃபேன் நாள் முழுக்க அந்தக் காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது.

சமையல் உப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை உறிஞ்சிக் கசிய ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடியைப் பார்த்தால் தெரியும். அதே வேலைதான் மதர்போர்டின் மேலும் நடக்கிறது. சாதாரணத் தூசி காய்ந்திருக்கும்வரை பெரிதாகக் கெடுதல் செய்யாது. உப்புக் கலந்த தூசியோ இரவில் ஈரத்தை இழுத்துப் பிசினாகிறது. ஹீட்சிங்க் இடுக்குகளில் படிந்து அடைக்கிறது. ஃபேனின் பேரிங்கை இறுக்குகிறது. கனெக்டர் பின்களில் அரிப்பு உண்டாக்குகிறது. அரித்த இடத்தில் மின்தடை கூடும். மின்தடை கூடிய இடத்தில் சூடு கூடும்.

ஊர்ப் பெயரிலேயே சுண்ணாம்பு இருக்கிறது. கிளிஞ்சலைச் சூளையில் போட்டுச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த கரை இது. அங்கே கொண்டுபோய் ஒரு கம்ப்யூட்டரையும் மூடிய மரப்பெட்டிக்குள் தள்ளி இன்னொரு சூளை போட்டிருந்தோம். ஆம், அந்த கம்ப்யூட்டர் டேபிள்தான். சிபியுவை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துகிற மாதிரி செய்திருப்பார்களே, அது. தூசி படக்கூடாது என்று அக்கா அதன் மேல் ஒரு டவலும் போர்த்தியிருந்தார்.

வயரைப் பிடுங்கிய கதை

இப்போது விட்ட கதைக்கு வருகிறேன். நான் சொன்னபடி ஒரு சர்வீஸ்காரரை அழைத்தார்கள். வந்தவர் முதல் தடவை விண்டோஸை ஃபார்மேட் செய்துவிட்டுப் போனார். டி டிரைவில் இருந்ததைத் தொடவில்லை, அந்த மட்டும் நல்லது. மறுநாளே மறுபடியும் பீப். இரண்டாம் தடவை வந்தவர் கேபினெட்டைத் திறந்தார். அந்தக் கறுப்புப் பொட்டு ஸ்பீக்கரைப் பிடுங்கிப் பையனின் கையில் கொடுத்தார். "இனி கத்தாது தம்பி" என்றார்.

உண்மைதான், கத்தவில்லை. அக்கா எனக்கு போன் செய்து, "சரியாயிடுச்சுடா" என்றார். நானும் சந்தோஷப்பட்டேன்.

கேம் கொஞ்சம் கொஞ்சமாகத் திக்க ஆரம்பித்தது. பையன் கிராபிக்ஸ் செட்டிங்கைக் குறைத்துக்கொண்டான். பிறகு நடுவில் அணைந்தது. மறுபடி ஆன் செய்து ஆடினான். தினமும் இரண்டு முறை, மூன்று முறை. மூன்று வாரம் கழித்து ஒரு நாள் அணைந்தது, திரும்ப எழவில்லை.

நான் போய்த் திறந்து பார்த்தேன். ஃபேனுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி ஒரு அடைப்பு. ஃபேனை விரலால் தள்ளினால் அரைச் சுற்று சுற்றி நின்றது. ஹீட்சிங்கைப் பிடித்திருக்கும் நான்கு பின்களில் ஒன்று கழன்றிருந்தது. பிராசசருக்குப் போகும் 12 வோல்ட் கனெக்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. மதர்போர்டு போய்விட்டது. பிராசசர் பிழைத்திருந்தது.

மதர்போர்டு போனால் போகட்டும். வேறு வாங்கலாம். போனது அது மட்டும் இல்லை.

அக்கா தங்கள் மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுபவர். பதினான்கு பெண்களின் சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் இரண்டு வருடமாக ஒரே எக்செல் ஃபைலில் இருந்தது. அதற்கு முன் நோட்டில்தான் எழுதினார். "இந்தக் காலத்துல நோட்டா அக்கா? கம்ப்யூட்டர்ல போடு, கூட்டல் தானா வரும்" என்று சொல்லி, அந்த ஃபைலைப் போட்டுக் கொடுத்தவன் நான்தான். அக்கா அந்த ஃபைலை மூடுவதே இல்லை. பையன் கேம் ஆடும்போதும் பின்னால் திறந்தே கிடக்கும்.

ஹார்டு டிஸ்கை என் லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தபோது ஃபைல் இருந்தது. பெயர் இருந்தது, அளவும் இருந்தது. திறந்தால் வெறுமை. அணைந்து அணைந்து எழுந்ததில் உள்ளே வெறும் பூஜ்ஜியங்கள். அக்கா ஒரு ஃபார்முலா சந்தேகத்துக்காக ஆறு மாதம் முன்பு எனக்கு மெயிலில் அனுப்பிய ஒரு காப்பிதான் மிச்சம்.

அந்த ஆறு மாதக் கணக்கை, ஒவ்வொருவர் வீட்டுப் பாஸ்புக்கையும் பேங்க் பாஸ்புக்கையும் வாங்கி வைத்துக்கொண்டு, பதினொரு இரவு உட்கார்ந்து அக்கா திரும்ப எழுதினார். யாரும் அவரைத் திருடி என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு கூட்டத்தில் ஒருவர், "அது எப்படி, கணக்கு மட்டும் சரியா அழிஞ்சுபோச்சு?" என்று கேட்டாராம். அதை என்னிடம் சொல்லும்போது அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. அக்கா வீட்டுக்காரர் மட்டும் ஒரு வார்த்தை சொன்னார். "மச்சான், துறைமுகத்துல கூண்டு ஏத்திட்டா நாங்க படகை எடுக்க மாட்டோம். கூண்டை இறக்கிட்டா புயல் நின்னுடுமா என்ன?"

ஐந்து வருடமாக சாஃப்ட்வேர் எழுதுகிறேன். எர்ரர் மெசேஜை மறைப்பதற்கும் எர்ரரைச் சரி செய்வதற்கும் உள்ள வித்தியாசத்தை இவ்வளவு சுருக்கமாக எங்கள் ஆபீஸில் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கத்தினால் என்ன செய்ய வேண்டும்?

1. திறந்திருக்கும் ஃபைல்களை சேவ் செய்து மூடுங்கள். கேமிலிருந்து வெளியே வாருங்கள். உடனே ஆஃப் செய்ய வேண்டாம். ஃபேன் ஐந்து நிமிடம் சுற்றி ஆறட்டும்.

2. எச்டபிள்யூமானிட்டர் அல்லது கோர் டெம்ப் போன்ற ஒரு இலவச புரோகிராமைப் போட்டுக்கொள்ளுங்கள். சும்மா இருக்கும்போது எவ்வளவு, கேமில் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். நம் கோடையில் சும்மா இருக்கும்போது 40 முதல் 50 டிகிரியும், கேமில் 80 வரையும் போனால் பயமில்லை. 90-ஐத் தாண்டினால் கவனியுங்கள். அக்கா மகனுடையது போன்ற இன்டெல் பிராசசருக்கு 100 டிகிரியைச் சுற்றி எல்லை. உங்கள் மாடலின் எல்லையைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து பாருங்கள். கர்னல்-பவர் 41 என்று வரிசையாக இருந்தால் கம்ப்யூட்டர் முறையாக ஷட்டௌன் ஆகாமல் அணைந்திருக்கிறது என்று அர்த்தம். அது கரண்ட் கட்டாகவும் இருக்கலாம், சூடாகவும் இருக்கலாம்.

4. பக்கவாட்டு மூடியைக் கழற்றி, டேபிள் ஃபேன் காற்றை உள்ளே அடிக்கவிட்டு கேமை ஓட்டுங்கள். பீப் நின்றால் நோய் சூடுதான் என்று உறுதி. இது பரிசோதனைக்கு மட்டும். ஏரிக்கரையில், கடற்கரையில் மூடியைத் திறந்தே வைத்திருந்தால் உப்பை விருந்துக்குக் கூப்பிட்டது போல ஆகும்.

5. சுத்தம் செய்யும்போது பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். காய்ந்த பிரஷ், பிளோயர் போதும். ஈரத்துணி கூடாது. பிளோயர் அடிக்கும்போது ஃபேனின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கண்டபடி சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கவே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிரை வாங்கும் அளவுக்கு மின்சாரம் தேங்கி நிற்கும்.

6. ஹீட்சிங்கின் நான்கு பின்களும் இறுக்கமாக இருக்கின்றனவா பாருங்கள். கழற்றினால் பழைய பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புது தெர்மல் பேஸ்ட் பட்டாணி அளவு வையுங்கள். ஒரு பிரியாணி விலையில் டியூப் கிடைக்கும்.

7. கேம் செட்டிங்கில் வி-சிங்க் ஆன் செய்யுங்கள், அல்லது எஃப்பிஎஸ்ஸை 60 என்று நிறுத்துங்கள். மெனு திரையில் சும்மா நிற்கும்போதுகூட சில கேம்கள் நொடிக்கு நூற்றுக்கணக்கில் படம் வரைந்து தள்ளும். யாருக்கும் பயனில்லாத சூடு அது.

8. சிபியுவை மரப்பெட்டியிலிருந்து வெளியே எடுங்கள். ஜன்னலுக்கு நேராக வேண்டாம், தரையிலும் வேண்டாம். டவல் போர்த்துவதாக இருந்தால் அணைத்து ஆறிய பிறகு போர்த்துங்கள். ஈரப்பதம் மிகுந்த ஊரில் பல நாள் சேர்ந்தாற்போல் அணைத்தே வைக்காமல், தினமும் கொஞ்ச நேரமாவது ஓடவிடுங்கள். உள்ளே ஈரம் காயும்.

9. கேபினெட்டைத் தொட்டால் ஷாக் அடிக்கிறதா? எர்த் இல்லை. இரண்டு பின் பிளக்கில் ஓட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

நான் கேட்பது இதுதான்

சர்வீஸ்காரரைத் திட்டி இந்தக் கட்டுரையை முடித்துவிடலாம். சுலபம். ஆனால் அது முழு உண்மையாக இருக்காது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து தூசி தட்டி, பேஸ்ட் மாற்றி, சூட்டை அளந்து பார்க்கிறவருக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? "வெறும் தூசி தட்டினதுக்கா இவ்வளவு?" என்கிறோம். புது பார்ட் மாற்றினால் கேள்வி கேட்காமல் பணத்தை எண்ணிக் கொடுக்கிறோம். உழைப்புக்குக் கூலி கிடையாது, பெட்டிக்குத்தான் என்றால் அவர் பெட்டியைத்தான் மாற்றுவார். அல்லது சீக்கிரம் வாயை அடைத்துவிட்டுப் போவார். சத்தம் நின்றால் போதும் என்று அவரிடம் கேட்டதும் நாம்தானே?

இந்தப் பிரச்சினை இனிமேல் கூடத்தான் போகிறது. மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்களில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. கம்பெனிகள் கழித்துக் கட்டும் அந்த மெஷின்களில் பலவும் வந்து சேரும் இடம் நம்மைப் போன்றவர்கள் வீடுதான். ஏசி அறையில் பத்து வருடம் வாழ்ந்த மெஷின், ஒரு கிராபிக்ஸ் கார்டையும் சுமந்துகொண்டு, ஷீட் வீட்டுக்கு வாழ வருகிறது. அதன் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். ஃபேனுக்கு வயதாகியிருக்கும்.

ஆகவே பழைய கம்ப்யூட்டர் வாங்கும்போது மூன்று விஷயங்களைக் கடைக்காரரிடம் கேளுங்கள். நானும் அன்று ரிச்சி தெருவில் கேட்டிருக்க வேண்டும். ஒன்று, புது பேஸ்ட் வைத்துக் கொடுங்கள். இரண்டு, என் கண் முன்னால் அரை மணி நேரம் ஒரு கேமை ஓட்டிச் சூட்டைக் காட்டுங்கள். மூன்று, உள்ளே ஸ்பீக்கர் இருக்கிறதா, பயாஸில் எச்சரிக்கை ஆன் ஆகியிருக்கிறதா? இப்போது பல கேபினெட்டுகள் அந்தக் குட்டி ஸ்பீக்கர் இல்லாமலேயே வருகின்றன. சில ரூபாய் மிச்சம் பிடிக்கிறார்கள். அதைக் கேட்டு வாங்கிச் சொருகுங்கள். விற்பவர்கள் இந்த மூன்றையும் வழக்கமாகவே ஆக்கிக்கொண்டால் அவர்களுக்கும் நல்ல பெயர்.

நான்காவது விஷயம் நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது. ஒரே இடத்தில் இருக்கும் ஃபைல், இல்லாத ஃபைலுக்குச் சமம். என் அக்காவுக்கு எக்செல் கற்றுக்கொடுத்த அன்றே பேக்கப்பும் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். பாதிப் பாடம் நடத்திவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது சுண்ணாம்புக்குளத்தில் வேறு மதர்போர்டு, அதே பிராசசர். சிபியு மேஜை மேல் வெளிக்காற்றில் உட்கார்ந்திருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு பையன் பிரஷ்ஷால் தூசி தட்டுகிறான். வார்னிங் 80 டிகிரியில் ஆன் ஆகியிருக்கிறது. அக்கா வெள்ளிக்கிழமை தோறும் கணக்கை ஒரு பென்டிரைவில் காப்பி எடுத்து, அதைப் பீரோவில் நகையோடு வைக்கிறார். நோட்டிலும் எழுதுகிறார். நான் ஒன்றும் சொல்வதில்லை.

போன மாதம் பையன் போன் செய்தான். "மாமா, நேத்து ஒரு தடவை பீப் அடிச்சுது."

"என்னடா பண்ணே?"

"அம்மா ஃபைலை சேவ் பண்ணிட்டு, கேமை மூடிட்டு, திறந்து பார்த்தேன். ஃபேன்ல ஒரு நூல் சுத்தியிருந்துது. எடுத்துட்டேன்."

கத்தியதால்தான் அந்த நூல் தெரிந்தது. உங்கள் கம்ப்யூட்டரும் கத்தினால் அதன் வாயை அடைக்காதீர்கள். முதலில் என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.